பழையதும் பழுதானதும்

தமிழுக்கு வந்த பிறகு 'ரிப்பேர்' என்னும் சொல்லுக்கு நேர்ந்தது வியப்புக்குரியது. ஆங்கிலத்தில் அது செப்பனிடுதலைக் குறிக்கும். தமிழ்ப் பேச்சிலோ, 'வண்டி ரிப்பேர்' என்றால் வண்டி ஓடவில்லை என்று பொருள். மருந்தின் பெயர் நோயின் பெயராகிவிட்டது. அதே வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே இரு வழக்குகள் இருந்தன. ஒன்று 'மராமத்து', அரபியில் பிறந்து, பாரசீகமும் உருதும் கடந்து வந்து, ஏரி காக்கும் 'குடிமராமத்து' வரை வேர்பிடித்த சொல். மற்றொன்று 'பழுது பார்த்தல்'. வெட்டுதல், ஒட்டுதல், மாற்றுதல் ஆகிய எதுவும் இத்தொடரில் இல்லை. பார்த்தல் மட்டுமே இருக்கிறது. 'வேலை பார்', 'வைத்தியம் பார்' என்பவற்றில் போலவே இங்கும் 'பார்' என்பது கவனித்துச் செய்தலைக் குறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் கவனிப்பு கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

பழைய பொருள் ஒன்றைச் செப்பனிடுவதா, தூக்கிவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் கேள்வி பெரும்பாலான வீடுகளில் இந்தப் பார்த்தல் நடப்பதற்கு முன்பே எழுப்பப்பட்டு, முடிவும் செய்யப்பட்டுவிடுகிறது. மும்பை மாட்டுங்காவில் ஒரு கராஜின் இரும்பு ஷட்டரைப் பற்றி எழுந்த கேள்வியும் அவ்வாறே முடிந்திருக்கக்கூடும்.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்காப் பகுதிகளைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக வகுத்தது. தென்னிந்தியர் பலர் அங்கே குடியேறினர். அங்குள்ள பழைய அடுக்குவீடுகள் சிலவற்றின் பின்முற்றத்தில் வரிசையாகக் கராஜ்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவருக்கு உரியது. ஒரு காலத்தில் அங்கே குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி கார் நின்றது. கார் போன பிறகு, பதினொரு ஆண்டுகளாக ஓர் இஸ்திரிவாலா அந்த இடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்துகிறார். காலையில் ஷட்டரைத் தூக்குவதும், பிற்பகல் வெயிலுக்குப் பாதி இறக்குவதும், இரவில் முழுதும் இறக்கிப் பூட்டுவதும் அவரே. பள்ளி விட்டு வரும் அவருடைய மகன், பாதி இறங்கிய ஷட்டரின் நிழலில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான்.

மழைக்காலம் நெருங்கிய ஒரு வாரத்தில் அந்த ஷட்டர் நடுவே சிக்கி நின்றது. சொசைட்டிக் குழுவினர் வந்து பார்த்து, முற்றத்தின் தோற்றமே இதனால் கெடுகிறது, மோட்டார் வைத்த புதியதைப் போட்டுவிடலாம் என்றனர். விலை சொல்ல வந்த வியாபாரி, முற்றத்தில் நின்றபடியே, இது முழுக்கப் போய்விட்டது என்றார். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய மகள், பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் அம்மா என்றாள். மூவரும் சொன்னது ஒன்றே. மூவரில் ஒருவரும் மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை.

ஷட்டர் என்பது பேச்சில் ஒரு சொல். இரும்பில் அது பல உறுப்புகளின் கூட்டு. ஒன்றோடொன்று கொக்கிபோல் பிணைந்த தகட்டுப் பட்டிகள் அதன் திரை. இரு பக்கமும் அத்திரையை வழிநடத்தும் கைடுகள். கீழே பூட்டைத் தாங்கும் அடிச்சட்டம். மேலே, மூடிக்குள், திரை சுருளும் குழாய்த் தண்டு; அதைச் சுவரோடு பிணைக்கும் பிராக்கெட்டுகள்; தண்டின்மேல் ஸ்பிரிங்குகள். இவை ஒரே நாளில் பொருத்தப்பட்டாலும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. மழைநீர் தெறித்துத் தேங்கும் கீழ்ப்பட்டிகளையும் அடிச்சட்டத்தையும் துரு முதலில் தின்கிறது. கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்துகிறது. துருவாகும் இரும்பு பருமனில் பெருகுவதால், கைடின் குறுகிய இடைவெளி அடைபட்டுத் திரை சிக்குகிறது. கிரீஸை அள்ளி அப்பினால் சில நாள் ஓடும்; பிறகு அதே கிரீஸில் தூசு ஒட்டி அரைக்கத் தொடங்கும். ஸ்பிரிங்கின் கணக்கு வேறு. அது எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதைவிட, எத்தனை முறை முறுக்கேறித் தளர்ந்தது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மூடியே கிடக்கும் கிடங்கின் ஷட்டரும், நாள்தோறும் மும்முறை இயங்கும் கடையின் ஷட்டரும் ஒரே வயதினவாக இருக்கலாம். அவற்றின் ஸ்பிரிங்குகள் ஒரே வயதின அல்ல.

ஸ்பிரிங்கின் பணியை அறியக் கொஞ்சம் எடைக்கணக்கு வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் காணும் ஒரு வழக்கமான பட்டி 80 மி.மீ. அகலமும் 1.25 மி.மீ. கனமும் உடையது. அந்தக் கனத்தில் ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு ஏறத்தாழ 10 கிலோ. 2.4 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்ட திரை, தட்டையாகக் கணக்கிட்டாலே 56 கிலோவைத் தொடும். மடிப்புகளையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தால் 60ஐத் தாண்டும். இதை ஒரு மனிதர் ஒற்றைக் கையால் தூக்க முடிவதற்குக் காரணம் ஸ்பிரிங். ஷட்டர் இறங்கும்போது அதன் எடையே ஸ்பிரிங்கை முறுக்குகிறது; ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கைக்குத் துணை செய்கிறது. இறக்கிய ஆற்றலை ஏற்றுவதற்குச் சேமித்து வைக்கும் எளிய ஏற்பாடு. அளவு பெருகினால் இது போதாது. 10 சதுர மீட்டரைத் தாண்டும் ஷட்டர்களுக்கு அதே விலைப்பட்டியல் சங்கிலியும் கைச்சுழற்றியும் கொண்ட பொறியைத் தனியே கணக்கிடுகிறது.

நான்காவதாக வந்தவர் ஒரு ஷட்டர்வாலா. அவர் விலை சொல்லவில்லை, ஏணி கேட்டார். துரு அடைத்திருந்த இடத்தைத் தட்டி விடுவித்தார். ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, கையை முற்றிலும் விலக்காமல் பிடியை மட்டும் மெல்லத் தளர்த்தினார். சமன் சரியாக இருந்தால் ஷட்டர் அங்கேயே நிற்க வேண்டும். முறுக்கு மிகுந்திருந்தால் மேலே எழும். இதுவோ கீழே பாய்ந்தது. மேல்மூடியைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்து கிடந்தது. முறிந்த முனையில் படிந்திருந்த துருவைக் கண்டு, இது நேற்று உடைந்ததல்ல மாஜி, என்றார்.

முற்றத்தில் நின்ற நூலகருக்கு ஒன்று விளங்கவில்லை. ஸ்பிரிங் நெடுநாளாக முறிந்து கிடந்தது என்றால், ஷட்டர் நாள்தோறும் எவ்வாறு ஏறிக்கொண்டிருந்தது? பதிலை அவர் இஸ்திரிவாலாவிடம் கேட்டார். அவர் முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு இடத்தோளைத் தொட்டுக் காட்டினார். இரண்டு மழைக்காலங்களாக அந்தத் தோளில் வலி. ஷட்டரின் அடியில் தோளைக் கொடுத்துத்தான் தூக்குகிறார். ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அவரிடம் தெளிவான கணக்கு இருந்தது. சொன்னால் புதிது போடுவார்கள். புதிது போட்டால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் இடம் போகும். பதினொரு ஆண்டுப் பிழைப்பின் எதிரே ஒரு தோள்வலி அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

முறிந்த ஸ்பிரிங் ஓசையின்றித் தன் சுமையை ஒரு மனித உடலுக்கு மாற்றியிருந்தது. வெளியிலிருந்து நோக்கியவர்களுக்கு ஷட்டர் இயங்கிக்கொண்டே இருந்தது. எஞ்சிய ஒற்றை ஸ்பிரிங்கும் ஒரு பிற்பகலில் முறிந்திருந்தால், பாதி இறங்கிய நிலையில் 60 கிலோ இரும்பு கீழே அமர்ந்திருக்கும் சிறுவன்மேல் விழுந்திருக்கும். முற்றத்தின் தோற்றம் பற்றிய பேச்சில் இந்தச் செய்திக்கு இடமே இருந்ததில்லை.

மோட்டார் யோசனையும் இந்த இடத்தில் வேறு முகம் காட்டுகிறது. சமன் கெட்ட ஷட்டரில் மோட்டாரைப் பூட்டினால், தோள் செய்த வேலையை அது செய்யும். தோளாவது வலித்தது, மோட்டாரோ குறையை முற்றிலும் மறைத்துவிடும். அன்றியும் இந்தக் கராஜுக்கு வேறு வாசல் இல்லை. நாள் முழுதும் சூடான பெட்டியோடு உள்ளே ஒருவர் நிற்கும் இடத்தில், மின்சாரம் நின்றாலும் கையால் திறக்க வழி இருந்தாக வேண்டும். நல்ல மோட்டார்களில் அதற்கான கைச்சங்கிலி உண்டு. ஆனால் நெருக்கடியில் சங்கிலியைத் தேடுவதைவிட, சமன் சரியான ஒரு சாதாரண ஷட்டரைத் தள்ளுவது விரைவானது.

நூலகர் செய்த முடிவு 'செப்பனிடு' என்றோ 'மாற்று' என்றோ ஒரு சொல்லில் அடங்குவதல்ல. ஸ்பிரிங்குகள் இரண்டும் புதியவை. ஒன்று மட்டுமே முறிந்திருந்தாலும், மற்றதும் அதே அளவு உழைத்தது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. அரித்துப்போன கீழ் நான்கு பட்டிகளும் அடிச்சட்டமும் புதியவை. இடக் கைடின் கீழ்ப்பகுதி வெட்டி இணைக்கப்பட்டது. தண்டும் பிராக்கெட்டுகளும் மேற்பட்டிகளும் துருநீக்கி, வண்ணம் பூசி, அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டன. பழைய இரும்பு எடைபோடப்பட்டுப் பங்கார்வாலாவிடம் போயிற்று. இந்த வேலைக்காக வாடகை உயராது என்று நூலகர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இஸ்திரிவாலாவிடம் கொடுத்தார். செலவுக் கணக்கில் சேராத அந்தத் தாளையும் பழுது பார்த்தலின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த முறிவும் சொல்லப்படாமலே போகும்.

இதைக் கொண்டு, செப்பனிடுதல் எப்போதும் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. விரலால் அழுத்தினாலே ஓட்டை விழும் அளவுக்குத் திரை முழுதும் அரித்திருந்தால், ஒட்டுவதற்கு அங்கே உலோகம் இல்லை. தண்டு வளைந்திருந்தால் புதிய ஸ்பிரிங்கும் விரைவில் கெடும். பிராக்கெட்டைத் தாங்கும் சுவரே உதிர்ந்துகொண்டிருந்தால், புதிய ஷட்டரும் பழையதும் ஒன்றுதான். முதலில் சுவரைக் கட்ட வேண்டும். உறுப்புகள் கிடைக்காத பழைய வகையாக இருந்தால், அதை வைத்திருப்பது பற்றினால் ஆகுமே தவிர அறிவினால் ஆகாது. இதுவரை இதற்குச் செலவழித்தாயிற்று என்பதும் காரணமாகாது. போன பணம் பழையதைக் காக்கவும் சொல்லாது, கைவிடவும் சொல்லாது. சுற்றுச்சூழல் வாதத்தையும் அளவோடு கூறுவதே நேர்மை. உலகச் சராசரியில் ஒரு டன் எஃகு உருவாக ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது; ஆகவே இத்தகைய ஒரு திரையின் பங்கு 120 கிலோவை ஒட்டியது. அது பொருட்படுத்தத்தக்கது; ஒரு சிறுவனின் பாதுகாப்போடு எடைபோடத்தக்கது அன்று.

'பழைய', 'பழுது' ஆகிய சொற்கள் ஒலியால் மிக நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தில் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்லிவிடுவது எளிது. மேற்பட்டிகள் பழையவை, பழுதற்றவை. அவற்றுக்கு மேல் மூடிக்குள் இருந்த ஸ்பிரிங் பழுதானது, கண்ணுக்குத் தெரியாதது. முற்றத்தில் நின்று நோக்கினால் முதலாவது மட்டுமே தெரியும். அதனால்தான் மூவர் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். ஏணியில் ஏறினால் இரண்டும் தனித்தனியே தெரியும்.

ஏணியிலிருந்தும் தெரியாத ஒன்று எஞ்சுகிறது. பொருளுக்கு உரியவர் ஒருவர், அதை நாள்தோறும் கையாள்பவர் வேறொருவர் என்றிருக்கும் இடங்களில், பொருளின் குறையை இரண்டாமவரின் உடல் முதலில் அறிகிறது. விடுதிச் சமையலறை, ஆய்வகம், நூலகத்தின் சரக்கறை என எங்கும் இதுவே நிலை. அங்கே பழுது பார்க்கத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, இதன் விலை என்ன என்பதன்று. இதை நாள்தோறும் தூக்குபவர் யார் என்பது. அவர் அச்சமின்றிப் பதில் சொல்லக்கூடிய நிலை இருக்கிறதா என்பது அதற்கடுத்த கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு, மாற்றுவதா செப்பனிடுவதா என்பது பெரும்பாலும் ஒரு பட்டறைக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.