தண்ணீர் கேட்காத புல்

பிளாஸ்டிக்கில் குடம் வந்தது, பூ வந்தது, மாவிலைத் தோரணம்கூட வந்தது. புல் மட்டும் ஏன் பாக்கி இருக்க வேண்டும்? அதுவும் வந்துவிட்டது. பாய் மாதிரி சுருட்டி, லோடு ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கிவிட்டது.

கூடுவாஞ்சேரிப் பக்கம் பையன் புது வீடு கட்டினான். கிரகப்பிரவேசம் முடிந்து, சமையல்காரர் கணக்கும் தீர்த்தாயிற்று. முன்பக்கம் 400 சதுர அடி காலியிடம் மட்டும் உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கட்டியுமாகப் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது.

"அங்கே புல்தரை போடலாம்ப்பா" என்றான் பையன்.

நிஜப் புல்லா? 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த சென்னையில் குடித்தனம் நடத்தியவர்கள் சார் நாங்கள். ராத்திரி லாரி ஹாரன் கேட்டால் இன்றைக்கும் தூக்கத்திலேயே குடத்தைத் தேடும் கை இது. இந்தக் கையால் புல்லுக்குக் குழாய் பிடிக்க மனசு வருமா? செயற்கைப் புல் என்று தீர்மானமாயிற்று.

கடைக்காரர் 25 மில்லி மீட்டர், 35, 40 என்று புல்லின் உயரம் சொல்லிச் சொல்லி, ஜவுளிக்கடையில் புடவை பிரிப்பது போலப் பிரித்துப் போட்டார்.

"தண்ணி ஊத்த வேணாம், வெட்ட வேணாம், உரம் வேணாம். போட்டுட்டு மறந்துடலாம் சார்!"

என் சகதர்மிணி மூன்றே மூன்று கேள்வி கேட்டாள்.

"பிள்ளையாருக்கு இதுல அருகம்புல் கிடைக்குமா?"

கடைக்காரர் சிரித்தார்.

"நான் கோலம் எங்கே போடறது?"

சிரிப்பு குறைந்தது.

"மழை பெஞ்சா தண்ணி எங்கே போகும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அடியில சிமெண்ட் தளம் போட்டுடுவோம்மா. தண்ணி அப்படியே வழுக்கிட்டுத் தெருவுக்குப் போயிடும்" என்றார்.

"தெருவுக்குப் போயிடுமா? அப்புறம் கோடையில அதே தண்ணியை லாரிக்காரன்கிட்ட காசு கொடுத்து வாங்கணுமா?"

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்துக் குழியில் இறக்குகிறோம். முற்றத்து மண்ணுக்கு மட்டும் சிமெண்டால் வாயை அடைத்துவிடுகிறோம். சிமெண்ட் கூடாது என்று மேலிடத்து உத்தரவு ஆகிவிட்டது.

ஆட்கள் வந்தார்கள். நாலு அங்குலம் மண்ணைத் தோண்டினார்கள். ஜல்லி பரப்பி, அதன்மேல் கல் தூள் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடித்தார்கள். வீட்டுப் பக்கம் லேசான மேடு, மழைநீர்க் குழிப் பக்கம் சரிவு. களை முளைக்காமலிருக்க ஒரு துணி. அதன்மேல் புல் பாய். முதுகுப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை; தண்ணீர் இறங்க அதுதான் வழி. இரண்டு ரோலை ஒட்டும்போது இரண்டிலும் புல் ஒரே பக்கம் தலை சாய்க்க வேண்டுமாம். மாறிப்போனால் ஒரே புல் இரண்டு நிறமாகத் தெரியும், சம்பந்தி சண்டையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி!

கடைசியாக மெல்லிய மணலைத் தூவித் துடைப்பத்தால் வாரிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் கோலத்துக்கு நாலடி, மேற்குச் சுவரோரம் இரண்டடி, வெறும் மண்ணாகவே விடச் சொல்லிவிட்டாள் என் மனைவி.

இந்தப் புல்லுக்கு ஒரு ஜாதகம் உண்டு. 1965-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட ராட்சச விளையாட்டரங்கம் திறந்தார்கள். கூரை வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பேஸ்பால் ஆட்டக்காரர்கள் முறையிட, கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெயிலில்லாமல் உள்ளே புல் செத்தது. 1966-ல் நைலான் புல்லை விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் ஹாக்கியும் செயற்கைத் தரைக்கு மாற, நிஜப் புல்லில் ராஜாவாக இருந்த நம் அணி ஏழாவது இடத்துக்கு இறங்கியது. 1980-ல் மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கித்தான் மானம் மீண்டது.

சரி, வெயில் படாத இடத்தில் பேர் வாங்கிய சரக்கு, வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத சித்திரை மாசத்துக்கு வந்தால்?

பேரன் வெறுங்காலோடு மத்தியானம் இறங்கினான். இறங்கிய வேகத்தில் தீமிதி பக்தனைப் போல ஓடித் திண்ணை ஏறிவிட்டான். நிஜப் புல் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக விட்டுத் தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. கொளுத்தும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டிவிடும். வாளியில் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்தேன்.

"தண்ணி கேக்காத புல்லுக்குத் தண்ணி ஊத்தறீங்களாக்கும்!" என்று ஜன்னல் வழியே குரல் வந்தது.

மறுநாளே சுவரோர மண்ணில் ஒரு புங்கங்கன்று நட்டாள். அது வளர்ந்து நிழல் கொடுக்கும்வரை, பேரனுக்குச் சாயந்திரம் ஐந்துக்கு மேல்தான் புல்வெளி திறப்பு விழா.

ஐப்பசி அடைமழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். எங்கள் முற்றத்தில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு தேங்கவில்லை. எல்லாவற்றையும் பூமி குடித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "சார், புல்லு என்ன விலை?" என்று கேட்டார். விலை கிடக்கட்டும், அடியில் என்ன போடுவார்கள் என்று முதலில் கேளுங்கள் என்றேன்.

போன வாரம் திறந்திருந்த கேட் வழியாக ஓர் ஆடு நுழைந்தது. பச்சைப் பசேலென்ற பாயில் ஆசையாக ஒரு வாய் கடித்தது. உடனே துப்பிவிட்டு என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தது. பிறகு நேரே சுவரோரம் போய், மழைக்குத் தானாக முளைத்திருந்த அருகம்புல்லை ஒரு கை பார்க்க ஆரம்பித்தது.

"ஐயோ, பிள்ளையாருக்கு வெச்சிருந்தது!" என்று துடைப்பத்தோடு ஓடி வந்தாள் என் மனைவி.