மின்பதிப்பு தேடிய காலம்: சில குறிப்புகள்

இந்த நூல் கணினியில் ஏறியிருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது? 1980களின் இறுதியிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் மொழியும் இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான். 1987 மே மாதம் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் மெக்கார்ட்டி 'ஹியூமனிஸ்ட்' என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். அப்போது வலைத்தளம் என்ற ஒன்றே கிடையாது. கணினியைக் கையாளத் தெரிந்த இலக்கிய ஆய்வாளர் தம் துறையில் பெரும்பாலும் தனி ஆள். பக்கத்து அறைக்காரருக்குப் புரியாத சந்தேகத்தை இன்னொரு நாட்டில் இருப்பவரிடம் கேட்கலாம் என்ற நிலை வந்ததே அவர்களுக்குப் பெரிய விடுதலை.

*

கிரேக்க இலக்கியத்துக்குக் கொடுத்துவைத்திருந்தது. 1972இலேயே கலிபோர்னியாவின் இர்வைனில், மரியான் மெக்டொனால்ட் என்ற ஆய்வு மாணவியின் எண்ணத்தாலும் கொடையாலும், பழைய கிரேக்க நூல்கள் அனைத்தையும் கணினியில் ஏற்றும் திட்டம் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகம், பணம், ஆட்கள் எல்லாம் இருந்தன. இந்திய மொழிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தனி மனிதர்கள் உட்கார்ந்து அடித்தார்கள்.

*

கியோட்டோவில் முனெயோ தோகுனாகா மகாபாரதத்தைக் கணினியில் ஏற்றினார். புணே பண்டார்க்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பு, 70,000க்கும் மேற்பட்ட சுலோகங்கள். கேம்பிரிட்ஜில் ஜான் ஸ்மித் அதை எடுத்துத் திருத்திச் செப்பம் செய்தார். 1990இல் டொமினிக் வுயாஸ்டிக் தொடங்கிய 'இண்டாலஜி' போன்ற குழுக்களில் இத்தகைய கோப்புகளைப் பற்றிய சேதி பரவியது. ஜப்பானியர் ஒருவர் அடித்து ஆங்கிலேயர் ஒருவர் திருத்திய பாரதத்தை இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். காசில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

*

எழுத்துச் சிக்கலைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அன்றைய மின்னஞ்சலில் ரோமன் எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே பத்திரமாகப் போய்ச் சேரும். ஆகவே தமிழைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரித்து எழுதினார்கள். சின்ன 'எல்' ல, பெரிய 'எல்' ள, 'இஸட்' ழ. சின்ன 'ஆர்' ர, பெரிய 'ஆர்' ற. ந-வுக்கும் ன-வுக்கும்தான் திண்டாட்டம். ஒரு முறையில் 'டபிள்யூ' என்றால் ந, இன்னொன்றில் 'என்' எழுதிப் பக்கத்தில் கோடு போட்டால் ந. சங்கப் பாட்டு ஒன்று இப்படி வந்து திரையில் நிற்கும். பழகிய கண்ணுக்கு அதுவும் தமிழாகவே தெரிந்தது.

*

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல், தமிழியல் நிறுவனம் இருந்தது. தாமஸ் மால்டன் அங்கே தமிழ் இலக்கியங்களையும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனையும் கணினிக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். தாமஸ் லேமனும் அவரும் சேர்ந்து செய்த சங்க இலக்கியச் சொல்லடைவு 1990களின் தொடக்கத்தில் அச்சாகிவந்தது. கணினி தொகுத்துக் கொடுத்தது புத்தகமாகி மேசைக்கு வந்த காலம் அது.

இதற்கு முன்பே, 1967க்கும் 1970க்கும் இடையில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவு வெளியிட்டிருந்தது. அதை இன்று யாரும் புரட்டுவதில்லை என்பது வருத்தம். கணினியில் தேடினால் போதும் என்கிறார்கள். போதாது. 'கடல்' என்று தேடினால் கடற்கரை வராது. 'பொன்' என்று தேடினால் பொற்கொல்லன் வரமாட்டான். 'வாள்' என்று கொடுத்தால் வாட்படை தப்பிவிடும். புணர்ச்சி தெரிந்த மனிதர் உட்கார்ந்து சொல்லைப் பிரித்து அடுக்கிய அடைவில் இவையெல்லாம் உரிய இடத்தில் இருக்கும். தேடிப் பார்த்தேன், அந்தச் சொல் சங்க இலக்கியத்தில் இல்லை என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

*

தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம், துணை நின்றவர் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன். இருவரும் தமிழ்ப் பேராசிரியர்கள் அல்லர். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்' போன்ற இடங்களில் தமிழிலேயே எழுதிப் பழகியவர்கள் அப்போது பல நாடுகளில் இருந்தார்கள். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து நூலை அடிப்பார், வேறு ஊரில் ஒருவர் மெய்ப்புப் பார்ப்பார். முதல் கோப்பு திருக்குறள்.

ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் நூலின் பெயருக்குக் கீழே, தட்டச்சு செய்தவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் இருக்கும். நூலைத் தேடி வருகிறவர் அந்த வரிகளைத் தாண்டிக் கீழே ஓடிவிடுவார். நான் அவற்றை நின்று படிக்கிறேன். ஒரு புராணம் முழுவதையும் சந்தி பிசகாமல் அடிப்பது எவ்வளவு உழைப்பு என்று அடித்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

அடித்ததோடும் முடியவில்லை. தொடக்கத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறியது. இணைமதியில் அடித்ததை மயிலையில் திறந்தால் ஒன்றும் புரியாது. 1999இல் தகுதரம் என்னும் டிஸ்கி குறியீடு வந்ததும் கோப்புகளை அதற்கு மாற்றினார்கள். பிறகு யூனிகோடு நிலைபெற்றதும் மறுபடியும் மாற்றினார்கள். மாற்றாமல் விட்டிருந்தால் அவ்வளவும் இன்று வெறும் கிறுக்கலாக நிற்கும். பாதுகாப்பது என்றால் இதுதான்: யாரோ ஒருவர் விடாமல் மாற்றிக்கொண்டே இருப்பது.

*

ஈழத்தில் நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு நூலைப் படியெடுத்து வைப்பதன் அவசரத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

*

குறை ஒன்றும் உண்டு. வலையில் உலவும் தமிழ்க் கோப்புகள் பலவற்றில், எந்தப் பதிப்பைப் பார்த்து அடித்தார்கள் என்ற குறிப்பே இருக்காது. பாடவேறுபாடுகளும் அடிக்குறிப்புகளும் போய், மூலம் மட்டும் நிற்கும். அந்த மூலத்தில் உள்ள பாடம் யார் தீர்மானித்தது என்று தெரியாமல் அதன்மேல் ஆய்வைக் கட்டுவது ஆபத்து. மகாபாரதக் கோப்பில் பதிப்பு எதுவென்று தெரியும். அதனால்தான் உலகம் முழுவதும் அதை நம்பிக் கையாள்கிறார்கள்.

*

பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு கொடுத்தவர்களை ஊரும் பேருமாக எழுதிவைத்தார். மணிமேகலையின் பௌத்தச் செய்திகளை விளங்கவைத்த கும்பகோணம் ரங்காசாரியாருக்கும் கடமைப்பட்டிருப்பதை மறைக்கவில்லை. ஏடு எங்கிருந்து வந்தது என்று சொல்வது அவருக்குப் பதிப்பு நெறியின் பகுதி. யார் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் அடுத்து வருகிறவர் போய்ச் சரிபார்க்க முடியும்.

இன்று பல ஆய்வேடுகளில் நடப்பது வேறு. மதுரைத் திட்டத்துக் கோப்பிலிருந்து பாட்டை எடுத்து ஒட்டுகிறார்கள். அடிக்குறிப்பில் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகப் பதிப்பின் பெயரைப் போடுகிறார்கள். இணையம் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்று வழிகாட்டிகளே சொல்லிக்கொடுக்கிறார்கள். இது நேர்மை இல்லை. கோப்பில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பிழை கழகப் பதிப்பின் தலையில் விழுகிறது.

ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. மின்பதிப்பிலிருந்து எடுத்தால் அதையே மேற்கோளில் காட்டுங்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை நன்றியுரையில் சேருங்கள். அச்சுப் பதிப்போடு ஒப்பிடும்போது பிழை கண்டால் திட்டத்தாருக்கு எழுதித் தெரிவியுங்கள். திருத்திய கோப்பு அடுத்து வருகிறவருக்குக் கிடைக்கும்.