ஓரத்தில் எழுதிய திருத்தம்



இத்தாலியில் பணிபுரியும் கணவரிடம் செல்ல ஆயத்தமாகும் நம் சபையின் மகள் ஒருத்தி, சென்ற மாதம் தன் திருமணச் சான்றிதழோடு என்னிடம் வந்தாள். "ஐயா, இதில் அப்பாவின் பெயர் தவறாக இருக்கிறது" என்றாள். பதிவேட்டைத் திறந்தேன். தகப்பனார் பெயருக்குரிய இடத்தில் பாட்டனாரின் பெயர். எழுதியவன் நானே, கீழே என் கையொப்பம்.

பதிவேட்டை அப்படியே விட்டு, புதிய சான்றிதழில் மட்டும் சரியான பெயரை எழுதிக் கொடுத்தால் என்ன? எவர் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்? என் மனதில் முதலில் எழுந்த எண்ணம் இதுவே.

அந்நிய நாட்டில் நம் ஆவணங்கள் செல்லுபடியாக, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகம் 'அப்போஸ்டில்' என்னும் சான்றை இணைக்கிறது. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அச்சான்று கையொப்பமும் முத்திரையும் மெய்யானவை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அது சொல்வதில்லை. அதற்குக் கையொப்பமிட்டவனே பொறுப்பு. என் பொய்யும் அரசு முத்திரையோடு கடல் கடந்திருக்கும்!

1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 78-ஆம் பிரிவில் வழி காட்டுகிறது. பிழையைக் கண்ட ஒரு மாதத்துக்குள், முதலில் எழுதியதை மாற்றாமல், ஓரத்தில் திருத்தம் எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். தம்பதியர் இல்லாவிடில் நம்பத்தக்க சாட்சிகள் இருவர் வேண்டும். கணவர் அயல்நாட்டில் இருந்தபடியால், அவளோடு மூப்பர் இருவரையும் அழைத்தேன். வாரந்தோறும் என் பிரசங்கத்தைக் கேட்கிறவர்கள் முன்பாக என் தவற்றை எழுத, பேனா சற்றே தயங்கியது. எழுதி முடித்தபோது இருதயம் இலகுவாயிற்று.

'அப்போஸ்டில்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் பழைய பொருளே 'ஓரக்குறிப்பு' என்பதாம்.

மத்தேயு எழுதிய வம்சவரலாற்றைப் பாருங்கள். தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்டது. ஆயினும் அங்கே உரியாவின் பெயர் அழிக்கப்படவில்லை. நாமோ பழைய தவறுகளைச் சுரண்டி அழிக்கவே விரும்புகிறோம். மனந்திரும்புதல் என்பது அழித்தெழுதுவது அன்று. பிழைக்கு அருகில் நம் பெயரை இட்டு, 'இது என்னுடையது' என்று ஒப்புக்கொள்வதே. இந்த வாரம் நீங்கள் யார் முன்பாக அப்படி எழுத வேண்டியிருக்கிறது?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் பிழையை மறைக்கும் கையை அல்ல, அதை ஒப்புக்கொள்ளும் கையை எங்களுக்குத் தாரும். ஆமென்.