கரையோரத்து வேர்கள்

வயலும் வயல் சார்ந்த நிலத்திற்கும் மருதம் எனப் பெயரிட்டனர் பண்டைத் தமிழர். நீர்க்கரையில் தழைக்கும் மருத மரமே அப்பெயருக்கு அடிப்படையாயிற்று. பொருநையாற்றங்கரைத் திருப்புடைமருதூர் தன் பெயரிலேயே அம்மரத்தைத் தாங்கி நிற்கின்றது. நீருக்கும் மரத்துக்கும் உள்ள உறவை நம் முன்னோர் எத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எங்கள் வயலை ஒட்டி ஓர் ஓடை செல்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதன் கரை ஆண்டுதோறும் இடிந்து, வரப்பும் உடன் சரியும். என் வாப்பா கரையோரமாக ஐந்தடி நிலத்தை உழாது விட்டார். நீர்விளிம்பில் வெட்டிவேர், அதற்கு மேல் ஆடு கடியாத நொச்சி, மேட்டில் புங்கும் மருதும் என வரிசைப்படுத்தி நட்டார். "இருக்கின்ற கையகல நிலத்தையும் ஓடைக்குத் தாரை வார்க்கிறீரே!" என்று அண்டை வயலார் எள்ளினர். "நாம் விடாவிட்டால் ஓடையே எடுத்துக்கொள்ளும்" என்பதே அவர் விடை.

அவ்வரிசையில் ஆழ்ந்த பொருள் உண்டு. மரத்தின் ஆணிவேர் கரையை இறுகப் பற்றுகின்றது. புதரும் புல்லும் வயலிலிருந்து வழியும் நீரின் விரைவைத் தணித்து, வண்டலையும் உரத்தின் எச்சத்தையும் தடுத்து நிறுத்துகின்றன. கிளைகளின் நிழலால் நீர் குளிர்கின்றது, குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும், மீனினம் வாழும். உதிரும் இலைகளோ நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகின்றன. எனினும், ஓடையின் நடுவே மரம் வளர்தல் ஆகாது. நீர்வழியில் மண்டும் சீமைக் கருவேலம் வெள்ளத்தை மறித்துக் கரையையே உடைத்துவிடும்.

இதில் இழப்பே இல்லை என்று கூறின் அது உண்மையாகாது. புங்கின் நிழல் விழும் இடத்தில் நெல் சோர்கின்றது. அதன் தழை வயலுக்கு உரமாவதால் அவ்விழப்பு ஒருவாறு ஈடாகின்றது, முழுதும் ஈடாவதில்லை. இழப்பு மேல்மடைக்காரருக்கு, தூர் சேராத குளமும் தெளிந்த நீரும் கீழ்மடைக்காரருக்கு. முகமறியாத ஒருவரின் குளத்திற்காகத் தம் விளைச்சலில் ஒரு பங்கைச் சிறு உழவர் விட்டுக்கொடுக்கின்றார். அவ்வுழவருக்குக் கன்றும் வேலியும் அளித்து, இழப்பிலும் பங்கேற்பது பயன்பெறும் ஊராரின் கடனன்றோ?

மரம் நடு விழாக்களை நாம் சாலையோரங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் நடத்துகின்றோம். மாணவ நண்பர்களே! அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர் ஓடைக்கரைக்கும் சில கன்றுகளை எடுத்துச் செல்லுங்கள். அந்நிலத்துக்குரியவரிடம் முதலில் அமர்ந்து பேசுங்கள். பின்னர்க் குழி தோண்டுங்கள்.