காசிகுண்டில் உறையும் பூட்டு

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தோப்புக்காரர்களின் கண்ணீரைப் பலரும் எழுதினார்கள். காய் ஏற்றிப் பிழைத்த லாரிக்காரர்களை எழுதியவர்கள் குறைவு. இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்ட தேங்காய் வியாபாரி நண்பர் ஒருவர்தான் என்னை ஓர் ஓட்டுநரிடம் அழைத்துப் போனார்.

ஊருக்கு வெளியே உள்ள ஒரு லாரி ஷெட்டில் அவர் டீசல் டேங்க் மூடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சாவி போட்டுப் பூட்டும் மூடி அது. கிளீனராக ஏறி ஓட்டுநரானவர். புயலுக்குப் பின் உள்ளூரில் லோடு இல்லாமல் போகவே வடக்கே ஓடத் தொடங்கினார். ஜம்முவில் தேங்காய் இறக்கிவிட்டு, காஷ்மீர் ஏறி ஆப்பிளோடு திரும்புவார். பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டால் காஷ்மீரின் காசிகுண்டில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்.

"பூட்டு இல்லேன்னா ராத்திரியில டீசல உறிஞ்சிடுவாங்கண்ணே. பூட்டு இருந்தா பனி உறைஞ்சிக்கும்" என்றார்.

பகல் வெயிலில் உருகும் பனி சாவித்துளைக்குள் இறங்கி, இரவில் கட்டியாகிவிடும். பலம் கொடுத்துத் திருப்பினால் சாவி உள்ளேயே முறியும். வெந்நீர் ஊற்றினால் அப்போதைக்குத் திறக்கும். துளையில் தங்கிய நீர் மறுபடி உறையும். லைட்டரை டேங்க் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தள்ளி நின்று சாவியை மட்டும் சூடாக்கி, மெதுவாக நுழைத்து, கொஞ்சம் பொறுத்துத் திருப்ப வேண்டும். கை கழுவும் சானிடைசர் சில சொட்டு விட்டாலும் பனி இளகும். கிரீஸ் குளிரில் இறுகிப்போகும் என்பதால் பென்சில் கரியைச் சாவியில் தேய்த்துக்கொள்கிறார். துளையின் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மூடாக்காகக் கட்டுகிறார். மூடியில் காற்று போகும் சிறு துளையும் அடைபடக் கூடாது. அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி இன்ஜினுக்கு டீசல் வராது.

மூடி திறந்தாலும் உள்ளே இன்னொரு சிக்கல். மார்கழித் தேங்காய் எண்ணெய் போல டீசலிலும் மெழுகு திரளும், ஃபில்டர் அடைக்கும். நம் நாட்டுத் தர விதியில் சாதாரண டீசலின் உறைநிலை கோடையில் 15 டிகிரி வரையும், குளிர்காலத்தில் 3 டிகிரி வரையும் இருக்கலாம். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் கொண்டுவந்தது. அதனால் இவர் தெற்கத்தி டீசலைக் குறைத்துக்கொண்டே போய், மலை ஏறும் முன் அடிவார ஊரின் டீசலை நிரப்புகிறார். இந்தக் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவ்வளவு காவல் யாருடைய டீசலுக்கு? முதலாளியுடையது. திருடு போனால் பணம் பிடிப்பது இவருடைய பேட்டாவில். லோடு பிடித்துக் கொடுத்த புரோக்கருக்கோ லாரி புறப்படும் முன்பே கமிஷன் கைக்கு வந்துவிடுகிறது. வாடகை குறைந்தாலும், ஆப்பிள் அழுகினாலும், வண்டி பனியில் நின்றாலும் புரோக்கர் பங்கு குறையாது. நஷ்டம் முழுவதும் கீழே இறங்கி, பனியில் நிற்பவன் தலையில் விழுகிறது. இது வியாபாரம் அல்ல, வழிப்பறி.

2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஆனால் 5 தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் இவர் அதற்கு வெளியே நின்றார்.

எந்தச் சட்டத்திலும் இப்படி ஓர் எண்ணிக்கை வரம்பு இருக்கக் கூடாது. ஓட்டுநர் தவறு என்று நிரூபிக்காமல் டீசல் குறைவுக்குச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பனியில் காத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்று லோடு சீட்டிலேயே எழுத வேண்டும். அந்தக் கூலியில் ஒரு பங்கைப் புரோக்கரின் கமிஷனிலிருந்தும் எடுக்க வேண்டும்.