சாமியாராப் போறீங்களா சார்?

பி.ஏ. தத்துவம் படித்தவன் என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி உங்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் மூன்று கேள்விகளில் ஒன்று நிச்சயம். 'சாமியாராப் போறீங்களா?', 'ஜோசியம் தெரியுமா?', 'இதுக்கெல்லாம் வேலை கிடைக்குதா?' என் மாமா மட்டும் நாலாவதாக ஒன்று கேட்டார்: "ஏன், பி.காம். கிடைக்கலையா?"

கிடைக்கவில்லைதான். அதனால் என்ன? ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்த கதை தெரியுமோ? புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. அதே பாடம் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்தார். அவ்வளவுதான்! அந்த ஓசிப் புத்தகம் அவரை 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழை மதங்களின் பேராசிரியராக்கி, 1962-ல் ஜனாதிபதி நாற்காலியிலும் உட்கார வைத்தது.

வேலைக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பாங்க் ஆபீசர் பரீட்சைக்கு எந்த டிகிரியானாலும் போதும். அப்படி எழுதி வந்தவன்தான் நான்.

மூன்று வருஷத்தில் லாஜிக், அறவியல் எல்லாம் உண்டு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மதங்களை ஒப்பிட்டுப் படிக்கும் பேப்பர்தான். முதல் நாளே புரொபசர் ஒரு கண்டிஷன் போட்டார். "அடுத்தவன் மதத்தைப் பத்தி நீ எழுதினா, அந்த மதக்காரன் படிச்சுட்டு 'ஆமா, நாங்க இப்படித்தான்'னு தலையாட்டணும். இல்லேன்னா மார்க் கிடையாது!" வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா அறிஞர் 1959-ல் வலியுறுத்திய விஷயமாம் இது.

கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். ஹாஸ்டலில் ஒரு ஜைன நண்பன். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டான். அதைப் பற்றி நாலு வரி எழுத, நாலு நாள் அவனோடு சாயங்காலமே மெஸ்ஸுக்குப் போனேன். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு சோற்றில் விழுந்து சாகக்கூடாதே என்ற கவலை அது. எழுதிக் காட்டினேன். தலையாட்டினான். ராத்திரி பத்து மணிக்கு என் வயிறு கத்தியது வேறு விஷயம்!

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போய் என்ன செய்தாள்? சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி என்று பத்துப் பேரிடம் வரிசையாகப் போய், 'உங்கள் கொள்கை என்ன?' என்று கேட்டாள். ஹால் டிக்கெட் இல்லாத முதல் மாணவி!

"இதெல்லாம் படிச்சா சாமி கும்பிடறது நின்னு போயிடுமாடா?" என்று பாட்டி பயந்தாள். நிற்கவில்லை பாட்டி. பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடும்போது சத்தம் போடாமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டேன்.

சில வருஷம் முன்பு, எங்கள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் இஸ்லாமிய நண்பரின் அப்பா விடியற்காலையில் இறந்துபோனார். ஆபீஸ் வழக்கப்படி, 'அஞ்சு மணிக்கு மேலே எல்லாரும் போகலாம், ரோஜா மாலை சொல்லிடுங்க' என்றார் மானேஜர். நான் எழுந்தேன். "சார், அவங்க அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டாங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்க. மாலையும் வேண்டாம். இப்பவே கிளம்பினாத்தான் உண்டு." மானேஜர் ஒரு நிமிஷம் கவுண்ட்டர் க்யூவைப் பார்த்தார். பிறகு, "நாலு பேர் கிளம்புங்க" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். குனிவதில்லை, நெற்றி தரையில் படுவதில்லை. நின்றபடியே முடிகிற தொழுகை. நாங்கள் ஓரமாக நின்றோம். கபரஸ்தானில் ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். ஒரு பெரியவர் எங்களையும் கை காட்டி அழைத்தார். போட்டோம்.

லீவு முடிந்து வந்த நண்பர் என் மேஜைப் பக்கம் நின்றார். "மண்ணு போடற நேரத்துக்கு வந்துட்டீங்க சார்..." என்றார். மேலே பேச்சு வரவில்லை.

பி.ஏ.யில் நான் செகண்ட் கிளாஸ்தான். அன்றைக்கு மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிய மாதிரி இருந்தது.