தெளிவும் மினுக்கும்

ஜவுளிக் கடையில் புடவை எடுக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் நூறு விளக்குகளுக்குக் கீழே புடவையை விரித்துப் போட்டு, "இந்த மாம்பழ வர்ணம் வேறெங்கும் கிடைக்காது, அம்மா" என்பார். அந்த அம்மாள் பதில் பேசமாட்டாள். புடவையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு நடப்பாள். பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வெளிச்சம் பொய் சொல்லக்கூடியது என்று எந்தப் புத்தகமும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. தாயும் பாட்டியும் வாசலுக்கு நடந்ததைப் பார்த்து அவளும் நடக்கிறாள்.

வாசலே இல்லாத கடையில் அவள் என்ன செய்வாள்? விரித்துக் காட்டத் துணியே இல்லை, துணியின் படம் மட்டும்தான் என்றால்? அப்படி ஒரு கடையைத் திருப்பூரில் பார்த்தேன்.

என் தங்கையின் மகள் அங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். உத்தியோகத்தின் பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், இன்னும் தைக்கப்படாத சட்டைகளைப் படம் பிடிப்பது அவள் வேலை. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் மேஜையில் கத்தரிக்கோல் இல்லை, நூற்கண்டு இல்லை. ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் திரையில் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப் பட்டி என்று துண்டுகளை வரைகிறாள். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று காட்டுகிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் துண்டுகள் பறந்து போய், அங்கே நிற்கும் பொம்மை மனிதனின் உடம்பில் சட்டையாக ஒட்டிக்கொள்கின்றன. 2009-ல் கொரியாவில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மென்பொருள் அது. 'க்ளோ' என்று பெயர்.

முன்பெல்லாம் வெளிநாட்டு பையருக்கு ஒரு மாதிரிச் சட்டை காட்ட வேண்டுமானால் துணி நெய்து, சாயமேற்றி, வெட்டி, தைத்து, பார்சலில் கடல் தாண்டி அனுப்ப வேண்டும். "கை அரை அங்குலம் குறையட்டும்" என்று பதில் வரும். மறுபடியும் தையல், மறுபடியும் பார்சல். இப்போது அந்தப் போக்குவரத்தில் ஒரு பகுதியைப் படமே செய்துவிடுகிறது. துணியும் மிச்சம், நாளும் மிச்சம். நல்ல காரியந்தான்.

ஆனால் அந்தப் படம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு வேறொரு யோசனை வந்தது.

"மாமா, இப்பப் பாருங்க" என்று மருமகள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் மங்கலாக, மணலை வாரி இறைத்தது போல் ஓர் உருவம் தோன்றியது. நேரம் ஆக ஆக மணல் அடங்கிச் சட்டை தெளிந்து வந்தது. ஆற்றில் கலங்கிய நீர் தெளிவதைப் பார்ப்பது போல் இருந்தது.

அந்த மணலுக்கு ஒரு கதை உண்டு. 1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த சமயம், பொழுது போகத் தனியாகச் சீட்டு விளையாடினார். ஆட்டம் கைகூடுவதற்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு மலைபோல் நீண்டது. அதைவிட நூறு ஆட்டம் ஆடிப் பார்த்து, எத்தனை கைகூடியது என்று எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோ நகரத்தின் பெயரை அந்த முறைக்கு வைத்தார்கள். 1986-ல் ஜேம்ஸ் கஜியா என்பவர், வெளிச்சம் ஒரு பொருளில் பட்டுத் தெறித்து நம் கண்ணுக்கு வருவதை ஒரே சமன்பாட்டில் எழுதி, அதற்கு விடை காணவும் இந்தச் சீட்டாட்ட யுக்தியையே கையாண்டார். என் மருமகளின் கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான். திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கற்பனைக் கதிர்களை எய்கிறது. ஒரு கதிர் சட்டையில் பட்டு விளக்கை அடைகிறது. இன்னொன்று இருட்டுக்குள் போய்விடுகிறது. எல்லாவற்றின் சராசரிதான் அந்தப் புள்ளியின் வர்ணம். கதிர்கள் குறைவாக இருந்தால் மணல். நிறைய இருந்தால் தெளிவு.

தெளிவு மலிவாகக் கிடைப்பதில்லை. மணலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. படத்தின் அளவும் அப்படியே. ஏ4 காகிதத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2480-க்கு 3508 புள்ளிகள் தேவை. ஏறக்குறைய 87 லட்சம். ஈமெயிலில் பார்த்துவிட்டு மூடப் போகிற படத்துக்கு அவ்வளவு எதற்கு? எந்தப் படத்துக்கு எவ்வளவு போதும் என்று அறிவதில் பாதித் திறமை இருக்கிறது.

துணியின் மடிப்புக்கும் இதே கணக்கு. கம்ப்யூட்டருக்குத் துணி என்பது சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆன வலை. வேலை நடக்கும்போது அந்த வலையின் இடைவெளி 20 மில்லிமீட்டர் இருந்தால் போதும். கடைசிப் படத்துக்கு அதை 5 ஆகக் குறைக்கிறாள். அப்போதுதான் அக்குளில் விழும் சின்னச் சுருக்கங்கள் வெளியே வருகின்றன.

இவையெல்லாம் ஒரு ஜாதி. இவற்றைக் கூட்டினால், ஏற்கெனவே கொடுத்ததுதான் இன்னும் நன்றாகத் தெரியும். புதிதாக எதுவும் சேராது. இன்னொரு ஜாதி இருக்கிறது. ஆபத்து அங்கேதான்.

துணியின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. அதைக் குறைத்தால் சாதாரணப் பருத்தி பட்டைப் போல் மினுக்கும். கனத்துக்கு ஓர் எண் உண்டு. அதைக் கூட்டினால் 140 ஜிஎஸ்எம் துணி 180 ஜிஎஸ்எம் போல் புஷ்டியாகத் தோன்றும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பின்னல் கண்கள் எடுப்பாகத் தெரியும். எதிரே வைத்தால் குறைகளெல்லாம் மறையும். ஒவ்வொன்றுக்கும் விரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும். நெசவுக்காரனும் சாயக்காரனும் வியர்வை சிந்தியும் கொடுக்க முடியாததை இந்த விரல் கொடுத்துவிடும்.

நான் அங்கே இருந்தபோதே மெர்சண்டைசர் வந்தார். சுறுசுறுப்பான இளைஞர். "படம் நல்லாருக்குங்க. ஆனா இன்னும் கொஞ்சம் ரிச்சா வேணும். பையர் பாத்ததும் அசந்துடணும்" என்றார்.

"பளபளப்பைத் துணிக்குக் குடுங்க, நான் படத்துக்குக் குடுக்கறேன்" என்றாள் மருமகள்.

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவர் போனபிறகு அவள் சொன்னாள். முன்பு அவள் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் ஒரு படத்தை மினுக்கி அனுப்பினார்களாம். பையர் மகிழ்ந்து ஆர்டர் கொடுத்தார். சரக்குப் போய்ச் சேர்ந்ததும், "படத்தில் கண்டது இதுவல்ல" என்று பணத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பணம் முதலாளியோடு நிற்கவில்லை. படியில் இறங்கி இறங்கி, கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்களிடம் வந்து நின்றது. அந்த வாரக் கூலி மூன்று வாரம் தள்ளிப் போயிற்று. படத்தைப் பார்த்தே இராதவர்கள் படத்துக்கு விலை கொடுத்தார்கள்.

அன்று மாலை சாம்பிள் டெய்லரான ஒரு பெரியவர் அவள் மேஜைப் பக்கம் வந்தார். அந்த ஊரில் நாற்பது வருஷமாகப் பனியன் தைப்பவர். திரையை வெகுநேரம் பார்த்தார். வர்ணத்தையோ வெளிச்சத்தையோ அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இந்தக் கழுத்துப் பட்டி இப்படி அடங்கிப் படுக்காது கண்ணு. ரிப்பை இழுத்துப் புடிச்சுத்தானே வெக்கிறோம்? நீளம் கூடிப் போச்சுன்னா அலை அலையாத் தூக்கும், கொறஞ்சு போச்சுன்னா ஒடம்புத் துணியச் சுருக்கிப் போடும்" என்றார்.

மருமகள் தர்க்கம் செய்யவில்லை. மென்பொருளில் தயாராக இருந்த ஒரு ரிப் துணியை அவள் போட்டிருந்தாள். எழுந்து போய் உண்மையான ரிப்பில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். எடை, கனம், எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு வளைகிறது எல்லாவற்றையும் அளந்து எழுதினாள். மறுநாள் படத்தில் கழுத்துப் பட்டி இலேசாகத் தூக்கி நின்றது. பட்டியின் நீளத்தைக் குறைத்ததும் அடங்கியது. துணி தைப்பதற்கு முன்பே ஒரு குறை தீர்ந்தது. அதைத் தீர்த்தது கதிரும் கணக்கும் மட்டுமல்ல. நாற்பது வருஷத்துக் கை.

வர்ணத்தின் விஷயத்தில் அவள் படத்தை நம்பவே இல்லை. திரைக்குத் திரை வர்ணம் மாறும். சாயமேற்றிய துண்டான லேப் டிப்பை ஒரு விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்திலும், கடைக் குழல் விளக்கிலும், மஞ்சள் பல்பிலும் பார்க்கிறார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வர்ணங்கள் இன்னொரு விளக்கில் வெவ்வேறாகிவிடும். ஆகவே படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதினாள்: 'வர்ணத்துக்கு லேப் டிப்பைப் பார்க்கவும்.'

அந்த ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிறகு மருமகள் எழுதியிருந்தாள். மெர்சண்டைசர் இரண்டு நாள் பேசவில்லையாம். பையர் படத்தைப் பார்த்துவிட்டு, "துணி கொஞ்சம் பளபளக்குமா?" என்று கேட்டாராம். மெர்சரைஸ் செய்தால் பளபளக்கும், விலை இவ்வளவு கூடும் என்று பதில் போயிற்று. அவர் யோசித்து, சாதாரணத் துணியே போதும் என்று விட்டார். எதிர்பார்த்ததைவிடச் சிறிய ஆர்டர். ஆனால் இரண்டு பக்கமும் எதை வாங்குகிறோம், எதை விற்கிறோம் என்று தெரிந்து செய்த வியாபாரம்.

கதை எழுதுகிறவன் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியுமா? எங்கள் தொழிலும் இல்லாத மனிதர்களுக்குச் சட்டை போட்டுக் காட்டுவதுதானே! எங்கள் கையிலும் அந்த இரண்டு ஜாதி எண்கள் இருக்கின்றன. ஒன்று, மனிதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது. அதற்கு நேரமும் பொறுமையும் மடங்கு மடங்காகச் செலவாகும். மற்றொன்று, மினுக்கிக் காட்டுவது. அதற்கு ஒரு நிமிஷம் போதும். நேரம் இல்லாதபோது மனம் எதைத் தேடுகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு வித்தியாசம் உண்டு. சட்டை தப்பாகப் போனால் பையர் திருப்பி அனுப்பிவிடுவார். கதையை வாங்கியவர் அப்படிச் செய்வதில்லை. மரியாதையாக மூடி வைத்துவிட்டு, அடுத்த தடவை வேறொருவர் கதையை எடுத்துக்கொள்வார்.